சாட்சி குத்தாலம் படிக்காத பத்திரம்

அண்ணாச்சி, கையில டிக்கெட் வாங்கினீங்கள்லா, அதுல என்ன எழுதிருக்குன்னு படிச்சீங்களா? படிக்கல. மடிச்சு வாச்சு வாருக்குள்ள சொருகிட்டீங்க. நானும் படிக்கல. இந்த பஸ்ஸுல அம்பது பேரு இருக்கோம், ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டோம். ஆனா எங்க ஊர்ல போயிக் கேளுங்க, படிக்காமக் கையெழுத்துப் போட்டவன் உலகத்துலயே குத்தாலம் ஒருத்தன்தான்னு சொல்லுவானுவ.

நான்தான் குத்தாலம். குத்தாலலிங்கம். சாட்சி குத்தாலம்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். நீங்க திருநவேலிதான போறீங்க? அப்பம் முக்கா மணி நேரம் இருக்கு. நான் ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இறங்கிருவேன். அதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க எங்க ஊர்க்காரரு கெடையாது, உங்களுக்கு அங்க நிலம் கிலம் கெடையாதுல்லா? கெடையாதே? அப்பஞ் சரி. நிலம் இருக்கவன்ட்ட நியாயம் கேட்டு ஓஞ்சு போயிட்டேன்.

எங்க அப்பா ஆவுடைநாயகம், பத்திர எழுத்தர். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல ஒரு மேசை, ரெண்டு ஸ்டூலு. ஒரு ஸ்டூல்ல அப்பா, இன்னொண்ணுல நான். அப்பா எழுதுவாவ, நான் சாட்சி போடுவேன். நிலம் வாங்க வாரவன் ஒரு சாட்சியக் கூட்டிட்டு வந்திருப்பான், இன்னொருத்தன் பஸ்ஸ விட்டிருப்பான். அந்த எடத்துல நான் போடுவேன். இருவத்திரெண்டு வருசம் அண்ணாச்சி. என் கையெழுத்து பாக்க லெச்சணமா இருக்கும், கீழ ரெண்டு புள்ளி வைப்பேன். அந்த ரெண்டு புள்ளி இருந்தாத்தான் பத்திரம் நெறஞ்சு இருக்குன்னு ஆபீஸ்ல உள்ளவங்களே சொல்லிருக்காவ.

ஒண்ணு கூடப் படிச்சதில்ல. எதுக்குப் படிக்கணும்? ஊரான் நிலத்தை ஊரான் வாங்குதான். ஆனா ஒண்ணு சொல்லுதேன், இந்த இருவத்திரெண்டு வருசத்துல நான் பொய்ச்சாட்சி சொன்னதே கெடையாது. என்ன விசயம்னே தெரியாதவன் எப்படிப் பொய் சொல்ல முடியும், சொல்லுங்க.

அஞ்சு வருசத்துக்கு முன்னால அப்பாவுக்கு மறதி வந்துட்டு. சாவிய எங்க வச்சோம்னு தேடுத மறதி இல்ல, அந்த நோயிருக்குல்லா, அது. மொதல்ல தெருவு மறந்துது. பொறவு அம்மா செத்துப்போனது மறந்துது. தெனமும் காலையில, ‘எங்க உங்க அம்ம?’ன்னு கேப்பாவ. தெனமும் நாங்க சொல்லணும், தெனமும் அவுக புதுசா அழணும். எங்க தங்கச்சி வடிவு ரெண்டு தெரு தள்ளி இருக்கா, அவதான் ஒரு நாள் ‘கோயிலுக்குப் போயிருக்காப்பா’ன்னு சொல்லி அந்த அழுகைய நிப்பாட்டினா. எனக்குப் பொய் சொல்ல வராது, சாட்சி பாருங்க.

எல்லாம் போயும் பத்திர பாசை மட்டும் போகல. அதுதான் வேடிக்க. வீட்டுக்கு யாரு வந்தாலும் எதையாவது எழுதிக் குடுத்துருவாவ. ஊசி போட வந்த நர்ஸம்மாவுக்கு எங்க வீட்டு ஃபேனை, ‘சுத்துகிற நிலையிலேயே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்’னு வாயாலயே கிரையம் பண்ணிக் குடுத்தாவ. பக்கத்து வீட்டுக்காரன் ஆட்டை போஸ்ட்மேனுக்குத் தானசெட்டில்மென்ட் பண்ணிட்டாவ. போஸ்ட்மேன் சும்மா வேடிக்கைக்கு ஆட்டப் பிடிச்சுப் பாத்திருக்கான், ஆட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான். என்னைய மகன்னு தெரியாது. ஆனா பாத்த உடனே, ‘வாரும் சாட்சி, உக்காரும்’பாவ. நானும் உக்காருவேன். வேற என்ன செய்ய?

சாப்பாடு வடிவுதான் குடுப்பா. கொழைய வடிச்ச சோத்துல ரசத்த விட்டுக் கையாலயே பெசஞ்சு, ஒரு வாயி, நாலு பேச்சு, மறுபடி ஒரு வாயி. ஒரு கை சோத்துக்கு ஒண்ணரை மணி நேரம். நான் கேப்பேன், ‘ஏட்டி, இது சாப்பாடா, கச்சேரியா?’ன்னு. அப்பா நடுவுல வாய மூடிக்கிட்டா அவளும் எந்திரிச்சிருவா. ‘போதும்னு சொல்லுதாவ’ம்பா. அவுக ஒண்ணுமே சொல்லிருக்க மாட்டாவ.

இந்த ஐப்பசில பாருங்க, முழுங்க முடியாமப் போச்சு. பொறையேறுது, சளி கட்டுது, காய்ச்ச. திருநவேலிக்குக் கொண்டு வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரில சேத்தேன். டாக்டரம்மா சின்ன வயசு, நல்ல பிள்ள. அது சொல்லுது, ‘மூக்கு வழியாக் குழாய் போட்டுச் சாப்பாடு குடுக்கலாம். ஆனா இந்த நோய்க்கு அது மருந்து இல்ல, அவருக்குக் கஷ்டமா இருக்கும். சளிக்கு மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்புதேன், முடிஞ்சவரைக்கும் கையால ஊட்டியும் பாக்கலாம். நீங்க வீட்டுல பேசுங்க’ன்னு.

பேச என்ன இருக்கு? ‘போடுங்க குழாயை’ன்னேன். பெத்த அப்பன் அண்ணாச்சி. நாளைக்குக் கொள்ளி வைக்கும்போது, சுத்தி நிக்கவன் என்ன பேசுவான்? ‘பட்டினி போட்டுல்லா அனுப்பிட்டான்’ம்பான். பாசம் இருக்கவன் குழாய் போடாம இருப்பானா?

குழாய் போட்டு ரெண்டு மணி நேரம் ஆகல, வடிவு வாரா, கையில ஒரு பத்திரத்தோட. அப்பா டிரங்குப் பெட்டில இருந்துதாம். வராந்தாவுலயே நின்னு டாக்டரம்மாட்ட வாசிச்சுக் காட்டுதா. செக்யூரிட்டி, வார்டு துடைக்க பொம்பளை, எல்லாரும் கூடிட்டாவ.

‘எழுதிக் கொடுப்பவர் ஆவுடைநாயகமாகிய நான். எழுதி வாங்குபவர், இனிமேல் எனக்கு வைத்தியம் பார்க்கப் போகும் டாக்டர் அவர்கள். எனக்கு மறதி நோய் என்று இன்று தெரிந்துகொண்டபடியால், நல்ல நினைவு இருக்கும்போதே, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்தது என்னவென்றால்’னு ஆரம்பிக்கி. பொறவு சொத்து விவரம். என்ன சொத்துங்கீங்க? அவுக உடம்பு! நான்கெல்லை போட்டிருக்காவ அண்ணாச்சி. ‘வடக்கே தலை, தெற்கே உள்ளங்கால், மேற்கே வலது கை, கிழக்கே இடது கை. இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய ஐந்தடி ஐந்தங்குல உடம்பு. இதன் பேரில் முன் வில்லங்கம் ஏதும் இல்லை.’

அதுக்குக் கீழ ஷரத்து. ‘வாயால் நானே விரும்பி வாங்கும்வரை சோறு ஊட்டலாம். வாயை மூடிக்கொண்டால் விட்டுவிட வேண்டியது. மேற்படி மூக்கு வழியாகக் குழாய் போக வர யாதொருவருக்கும் பாதை பாத்தியம் கிடையாது. கையைக் கட்டிப்போடக் கூடாது. என் வீட்டில் என் கட்டிலில் வைத்திருந்து மரியாதையாக அனுப்ப வேண்டியது.’

டாக்டரம்மா கண்ணாடியக் கழத்தித் தொடச்சுது. செக்யூரிட்டி, ‘பாதை பாத்தியம் கிடையாதாம்லா’ன்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. நான் கேட்டேன், ‘வடக்க தலை வச்சு யாராவது படுப்பாவளா? இதுலயே தெரியல்லியா, எழுதும்போதே நெனவு இல்லன்னு?’ அதுக்கு வடிவு, ‘கடைசிப் பக்கத்தப் பாருண்ணே’ங்கா. நோட்டரி முத்திரை இருக்கு. ஒண்ணாம் சாட்சி நயினார் மாமா. அவரு போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆச்சு. ரெண்டாம் சாட்சி யாரு?

கீழ ரெண்டு புள்ளி.

டாக்டரம்மா சந்தோசமாச் சொல்லுது, ‘நல்லதாப் போச்சு, நீங்களே சாட்சியா? இது முறையாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு டாக்டர் குழு பாக்கணும். அதுக்கு முன்னால, அன்னைக்கு அவரு நல்ல நினைவோடதான் எழுதினாருன்னு நீங்க எழுதிக் குடுத்திருங்க.’ நான் நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேன், ‘டாக்டர், நான் எந்தப் பத்திரத்தையும் படிச்சது இல்ல. பாத்ததும் இல்ல. கண்ண மூடிக்கிட்டுப் போடுவேன். இருவத்திரெண்டு வருசமா அப்படித்தான்.’ உண்மைதான சொன்னேன்? உண்மையச் சொன்னவனுக்குத்தான் வந்துது வெனை.

செக்யூரிட்டி எங்க ஊர்க்காரனாம். போனு போட்டுட்டான். சாயந்தரம் காபி குடிக்க கீழ இறங்குதேன், ரெண்டு வேன் நிக்கி. இறங்குதவன் எல்லாம் எவன் எவன் பத்திரத்துல நான் கையெழுத்துப் போட்டேனோ அவன். முன்னால தென்னந்தோப்பு ராயப்பன். ‘தம்பி குத்தாலம், படிக்காமப் போட்டேன்னு சொன்னீங்களாமே, என் தோப்புக்கு நீங்கதான சாட்சி? கேஸு நடக்கு தெரியும்லா? தயவு செஞ்சு, படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்னு சொல்லிருங்க.’

‘அண்ணே, அப்படிச் சொன்னா அப்பாவுக்குக் குழாய எடுத்துருவாவளே.’

‘எடுத்தா எடுக்கட்டும் தம்பி! எம்பது வயசு ஆகப் போவுது. நிம்மதியாப் போகட்டும். மரியாதையாப் போகணும்னு அவரே எழுதி வச்சிருக்காரு, நாம குறுக்க நிக்கலாமா?’

கண்ணு கலங்குது அண்ணாச்சி ராயப்பனுக்கு. அந்தத் தோப்புல முன்னூறு தென்ன.

மறுநாள் காலையில எதிர்க்கட்சி வந்தாச்சு. ராயப்பன் மேல கேஸு போட்டிருக்க சீனிப்பாண்டி, அவன் கூட என் சாட்சில நிலத்தை விட்டவனுவ எல்லாம். ஆப்பிளு, மாதுளை, ஹார்லிக்ஸ். குழாய் போட்டிருக்க மனுசனுக்கு மாதுளை! ‘குத்தாலம், நீ உண்மைய விட்றாத. படிக்கலன்னா படிக்கலதான். அப்பா உசுரு முக்கியம்லா? குழாய எடுக்க விடாத. நாங்க இருக்கோம்’ங்கான். இந்தப் பக்கம் ராயப்பன் ஆளுக, அந்தப் பக்கம் சீனிப்பாண்டி ஆளுக, நடுவுல எங்க அப்பா மூக்கு. ஒரு வக்கீலும் வந்திருந்தாரு. ‘சாட்சிக்காரன் படிக்கணும்னு அவசியமே இல்லவே, எழுதினவர் கையெழுத்துப் போடுததப் பாத்தாப் போதும்’னு தொண்டத் தண்ணி வத்தச் சொன்னாரு. அவரு சொன்னத ஒருத்தன் கேக்கணுமே. விசிட்டர் நேரத்துல ரெண்டு கோஷ்டியும் அப்பா கட்டிலச் சுத்தி நின்னுக்கிட்டு, ஒருத்தன் ‘ஐயா நிம்மதியாப் போங்க’ங்கான், இன்னொருத்தன் ‘ஐயா நூறு வயசு இருக்கணும்’ங்கான். நர்ஸு எல்லாரையும் விரட்டிச்சு.

அப்பா என்ன செஞ்சாவன்னு கேக்கல்லியே நீங்க. அப்பா குழாயப் பிடுங்கினாவ. மறுபடி போட்டாவ. மறுபடி பிடுங்கினாவ. மூக்குல ரெத்தம். மூணாந்தடவை போட்டுட்டு, ரெண்டு கையையும் கட்டில் கம்பில துணிய வச்சுக் கட்டிட்டாவ. வடிவு அதப் பாத்துட்டு முந்தானைய வாயில வச்சுக்கிட்டுப் படிக்கட்டுல போயி உக்காந்துட்டா. நான் கட்டச் சொல்லல அண்ணாச்சி. கட்டினது ஆஸ்பத்திரி. நான் ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டேன், அம்புட்டுத்தான். அதுல என்ன எழுதிருந்துன்னு எனக்கு எப்படித் தெரியும்?

சீனிப்பாண்டிதான் யோசனை சொன்னான். ‘எழுதின பத்திரத்த எழுதினவரே ரத்து பண்ணலாம்லா? அப்பாட்டயே ஒரு ரத்துப் பத்திரம் வாங்கிரு. பத்திரம்னா அவரு மாட்டேன்னே சொல்ல மாட்டாரு.’ எனக்குப் பளிச்சுன்னு இருந்துது. வடிவுட்ட சொன்னேன். அவ கேக்கா, ‘அன்னைக்கு அப்பாவுக்கு நெனவே இல்லன்னு சொன்ன நீதான, இன்னைக்கு நெனவோட ரத்து பண்ணுதாவன்னு வாங்கப் போற?’ அவளுக்குச் சட்டம் தெரியாது. நான் இருவத்திரெண்டு வருசம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல உக்காந்தவன்.

நேத்து பதினோரு மணிக்கு ஒரு பேடு, பேனா, வெள்ளப் பேப்பரு எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். நர்ஸுட்ட கெஞ்சி அஞ்சு நிமிசத்துக்கு வலது கைய மட்டும் அவுத்துவிட்டேன். மணிக்கட்டுல துணி அழுத்தின தடம் செவப்பாத் தெரிஞ்சுது. தலைமாட்ட ஒசத்தி, பேனாவக் கையில குடுத்தேன். குடுத்ததும் அப்பா மொகம் மாறிட்டு. மூக்குல குழாயோடயே நிமிந்து உக்காந்தாவ. தொண்டை கரகரங்குது, ஆனா குரல்ல பழைய தோரணை.

‘வாரும் சாட்சி. என்ன பத்திரம்?’

‘ரத்துப் பத்திரம்யா.’

‘எழுதிக் கொடுக்கிறவர் யாரு?’

‘ஆவுடைநாயகம்.’

பேப்பர்ல பேனாவ வச்சாவ. வச்சுட்டு என்னையப் பாத்தாவ, பின்னால கதவப் பாத்தாவ, வராந்தாவ எட்டிப் பாத்தாவ.

‘ஆளு எங்க?’

நான் பேப்பர நேரா நகட்டி வச்சேன்.

‘ஆளக் கூட்டிட்டு வாரும்வே. எழுதிக் கொடுக்கிறவர் எதிர்க்க உக்காந்து அவரு வாயால சொன்னாத்தான் எழுதுவேன். ஆளு இல்லாம அவரு எழுதினத நான் எப்படி அழிக்க முடியும்? அது அவருக்குச் செய்யுத துரோகம்லா?’

பேனாவ மூடி எங்கிட்டயே குடுத்துட்டாவ. நான், ‘ஐயா, அவரு இனிமே வர மாட்டாரு’ன்னேன். எனக்கே தெரியாம வாயில வந்துட்டு அண்ணாச்சி. அப்பா பேப்பரையும் எங்கிட்ட நீட்டினாவ. ‘அப்பம் எழுதினது எழுதினபடிதான் நிக்கும்’னாவ. சொல்லிட்டு வலது கைய அவுகளே கம்பிப் பக்கம் நீட்டினாவ, கட்டிக்கோன்னு. எதுக்குக் கட்டுதாவன்னு தெரியாது அவுகளுக்கு. தெனமும் கட்டுதாவல்லா, அதனால நீட்டுதாவ.

எனக்கு அழுகை வந்துட்டு. நான் அழுதவன் இல்ல. அம்மா செத்ததுக்கே கல்லு கணக்கா நின்னவன். வார்டு பூராவும் பாக்க, கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அப்பா பக்கத்துக் கட்டில்காரரப் பாத்து, ‘சாட்சிக்கு ஒரு டீ சொல்லும்’ங்காவ.

ராத்திரி பூரா ஒரே யோசனை. காலையில ஊருக்குப் போயி, வடிவு திருப்பி டிரங்குப் பெட்டில வச்சிருந்த அந்தப் பத்திரத்த எடுத்து வச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சேன். நாப்பத்தெட்டு வயசுல நான் முழுசாப் படிச்ச மொதப் பத்திரம் அதுதான். இந்தப் பையில இருக்கு பாருங்க. இப்பம் டாக்டரம்மாட்ட என்ன சொல்லன்னுதான் உங்கட்ட கேக்கலாம்னு இருந்தேன். ‘அன்னைக்கு அவரு நல்ல நினைவோட இருந்தாரா?’ அந்த ஒரு கேள்விதான். நல்ல நினைவுன்னா என்ன அண்ணாச்சி? நான்தான் நிமிந்தே பாக்கலியே. மூணு பத்திரத்துக்கு நடுவுல இதையும் தள்ளினாவ, நான் போட்டேன்.

சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு. வடிவுட்ட சொல்லல, ராயப்பன்ட்ட சொல்லல, சீனிப்பாண்டிட்ட சொல்லவே இல்ல. அன்னைக்குப் பத்திரத்த எம்பக்கம் தள்ளும்போது அப்பா கைய அதும்மேலயே வச்சுக்கிட்டு, ‘ஏலே குத்தாலம், இத மட்டும் படிச்சுட்டுப் போடுலே’ன்னாவ. இருவத்திரெண்டு வருசத்துல அவுக எங்கிட்ட படின்னு சொன்னது அந்த ஒரு பத்திரத்துக்குத்தான். நான் பட்டாணி தின்னுக்கிட்டே, ‘எல்லாம் படிச்சாச்சுப்பா’ன்னு போட்டுட்டேன். அப்பா என்னையப் பாத்துச் சிரிச்சாவ. ‘நீ படிக்க மாட்டலே, எனக்குத் தெரியும்’னாவ. சொல்லிட்டு மையத் தட்டி உலர வச்சு மடிச்சு எடுத்துக்கிட்டாவ.

இப்பம் சொல்லுங்க. எம்பேரு தெரிஞ்சிருக்கு. நான் யாருன்னு தெரிஞ்சிருக்கு. என்னைய இம்புட்டுச் சரியாத் தெரிஞ்சு வச்சிருந்த மனுசனுக்கு அன்னைக்கு நெனவு இல்லன்னு எந்த வாயால சொல்லுவேன்?

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், விடுங்க. ஏ கண்டக்டரு, ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிப்பாட்டுப்பா. அண்ணாச்சி, கொஞ்சம் கால நகட்டுங்க. டாக்டரம்மாட்ட எழுதிக் குடுக்கது கெடக்கட்டும், அது பதினஞ்சு நிமிசம் ஆகும். மொதல்ல மேல போயி அந்தக் கைய அவுத்து விடணும்.